வேகாஸ்ல இருந்து நாம எடுத்துட்டு வந்ததும், விட்டுட்டு வந்ததும்

1/
நானும் என் மனைவியும் லாஸ் வேகாஸில் நிற்கிற போட்டோவை ஃபேமிலி குரூப்பில் போட்ட அன்னைக்கே ஆரம்பிச்சிட்டாங்க.
"டாக்டர், நீங்களுமா?"
"எவ்வளவு விட்டீங்க சார்?"
விட்டது 40 டாலர். அந்தக் கதையும் வருது. ஆனா இந்த த்ரெட் அதுக்காக இல்லை. அந்த ஊர்ல ஒரு சுவத்துல மாட்டியிருந்த சின்னப் பெட்டியைப் பார்த்ததுல இருந்து மனசு சரியில்லை. அதைச் சொல்லத்தான்.
கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/
மகன் கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கிறான். அமெரிக்கா போகிற நம்ம ஊர் அப்பா அம்மா எல்லாருக்கும் ஒரே ரூட்தான்: பிள்ளை வீடு, அப்புறம் வேகாஸ், கிராண்ட் கேன்யன். மகனுக்கு லீவு கிடைக்கல. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கப்பா" என்று டிக்கெட் போட்டுக் கொடுத்துட்டான்.
கல்யாணமாகி 28 வருஷம். நாங்க ரெண்டு பேர் மட்டும் தனியா ஊர் சுத்தப் போனது இதுதான் இரண்டாவது தடவை. டாக்டர் வீட்டு நிலவரம் அப்படி.

3/
முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். சூதாடாமலே பார்க்க அந்த ஊர்ல நிறைய இருக்கு.
பெலாஜியோ ஹோட்டல் முன்னாடி ஏரியில் தண்ணி நடனம். காசு கிடையாது. பாரிஸ் ஹோட்டலில் பாதி உயர ஈஃபில் டவர். லக்ஸரில் பிரமிடு. வெனிஷியன் ஹோட்டலுக்கு உள்ளேயே கால்வாய், அதில் படகு. 2023-இல் திறந்த ஸ்ஃபியர் என்ற பெரிய உருண்டை, ராத்திரி முழுக்க நிறம் மாறிக்கிட்டே இருக்கும்.
என் மனைவி பெலாஜியோ தண்ணி நடனத்தை மூணு தடவை நின்னு பார்த்தாங்க. நாலாவது தடவையும் கூப்பிட்டாங்க. கால் வலின்னு நான் தப்பிச்சேன்.

4/
நாங்க போனது ஜூன். வெயில் 43 டிகிரி செல்சியஸ்.
"நாம பார்க்காத வெயிலா?" என்றுதான் எல்லாரும் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைச்சேன். இது வேற வெயில். சென்னையில் வியர்வை வழியும், அதனால தண்ணி குடிக்கணும்னு தோணும். அங்கே பாலைவனக் காற்று, வியர்வை வந்த சுவடே தெரியாம காய்ஞ்சிடும். உடம்பில் தண்ணி குறையறது தெரியவே தெரியாது.
2024 ஜூலை 7-ஆம் தேதி அங்கே 48.9 டிகிரி பதிவாச்சு. அந்த ஊரின் உச்சம் அதுதான். அங்கே கோடையில் வெப்பத்தால் இறப்பவர்கள் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போகுது.

5/
போகிறவங்களுக்கு ஒரு டாக்டரா சில வரிகள்:
- பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை எடுக்கிறவங்க, கிளம்பும் முன் உங்க டாக்டரைக் கேளுங்க. மாத்திரையை நீங்களா நிறுத்த வேண்டாம்.
- இன்சுலினை காரில் விட்டுட்டு இறங்காதீங்க.
- சுகர் உள்ளவங்க நீச்சல் குளத்துக்குக்கூட வெறும் காலோட நடக்க வேண்டாம். வெயில் காலத்தில் தார் ரோடு 70 டிகிரி தொடும். பாதத்தில் உணர்ச்சி குறைஞ்சவங்களுக்குச் சுடறதே தெரியாது. பாதம் வெந்த பிறகுதான் தெரியும்.
- ஆஸ்துமா இருந்தா, பெரும்பாலான கேசினோ தளங்களில் இன்னமும் சிகரெட் பிடிக்க அனுமதி உண்டு. இன்ஹேலர் பையில் இருக்கட்டும்.

6/
இப்போ அந்த 40 டாலர் கதை.
அங்கே ஹோட்டல் அமைப்பே ஒரு தினுசு. ரூமுக்குப் போகணுமா, கேசினோ வழியா போகணும். சாப்பிடப் போகணுமா, கேசினோ வழியா. வெளிய தெருவுக்குப் போகணும்னாலும் அதே வழி. ஜன்னல் கண்ணில் படாது. சுவர்க்கடிகாரமும் படாது. மணி ராத்திரி ரெண்டா, மதியம் ரெண்டா, சொல்ல முடியாது.
மூணாம் நாள் சாயந்திரம் மனைவி சொன்னாங்க: "ஏங்க, இவ்வளவு தூரம் வந்துட்டோம். இருபது டாலர் போட்டுத்தான் பார்ப்போமே."

7/
போட்டோம். ஸ்லாட் மெஷின். பட்டனை அழுத்தினா படங்கள் சுத்தி நிக்கும்.
முதல் அஞ்சு நிமிஷம் சிரிப்பு. ஒரு தடவை விளக்கெல்லாம் எரிஞ்சு மணி அடிச்சது. "ஜெயிச்சிட்டோம்!" என்று என் தோளைத் தட்டினாங்க. நான் கணக்குப் பார்த்தேன். அந்தச் சுற்றில் போட்டது ஒரு டாலர், வந்தது முப்பது சென்ட். எழுபது சென்ட் நஷ்டத்துக்கு மணி அடிச்சுக் கொண்டாடுது மெஷின்!
ஆராய்ச்சியாளர்கள் இதுக்கு ஒரு பேரே வச்சிருக்காங்க: வெற்றி வேஷம் போட்ட தோல்வி.
இருபது டாலர் தீர்ந்தது. அப்போ மனைவி எழுந்துட்டாங்க. நான் எழுந்திருக்கல.

8/
ஆமாங்க. கிளினிக்கில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் அட்வைஸ் பண்ற நான், பர்ஸைத் திறந்து இன்னொரு இருபது டாலர் நோட்டை எடுத்தேன். மனசுக்குள்ள ஓடினது ஒரே வாக்கியம்: "மூணு படத்துல ரெண்டு ஒண்ணா நின்னுச்சு, ஒண்ணுதான் தவறிப் போச்சு. இன்னொரு தடவை."
அந்த நோட்டும் போச்சு.
"போதும், எந்திரிங்க" என்று மனைவி கையைப் பிடிச்சு இழுத்த பிறகுதான் எழுந்தேன். எனக்கே அசிங்கமா இருந்தது. ஆனா ஒரு விஷயம் புரிஞ்சது. என் நோயாளி ஒருத்தர் சொன்னதை நான் அன்னைக்குச் சரியா காதில் வாங்கல.

9/
அந்தத் தம்பிக்கு 26 வயசு. நெஞ்சு படபடப்பு, தூக்கம் இல்லை என்று வந்தார். ஈசிஜி நார்மல். தைராய்டு நார்மல். மூணாவது விசிட்டில்தான் சொன்னார், போனில் ரம்மி ஆடி நாலு லட்சம் போயிருக்கு. வீட்டுக்குத் தெரியாது. லோன் ஆப்பில் வாங்கி ஆடியிருக்கார்.
"ஏம்பா, நிறுத்த வேண்டியதுதானே?" என்று கேட்டேன். "விட்டதைப் பிடிச்சிட்டு நிறுத்திடலாம்னு தான் சார் ஆடினேன்" என்றார்.
எனக்கு அப்போ எரிச்சல்தான் வந்தது. வேகாஸில் அந்த ரெண்டாவது நோட்டை எடுத்தப்போ அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

10/
மூளைக்குள் நடக்கிறதைச் சுருக்கமா சொல்றேன்.
ஒவ்வொரு தடவையும் பரிசு வந்தா மூளைக்கு அலுத்துப் போகும். ஒரு தடவையும் வரலைன்னா விட்டுடும். எப்போ வரும்னே தெரியாம எப்பவாவது வந்தா, விடவே விடாது. டோபமைன் வேலை செய்கிற விதம் அப்படி. பரிசைவிட, பரிசு வருமோ என்ற எதிர்பார்ப்புக்குத்தான் அது அதிகம் துள்ளும். ‘ஒண்ணுதான் தவறிப் போச்சு’ என்ற நூலிழைத் தோல்வியும், தோற்ற மாதிரி நம்மை நிறுத்தாது, திரும்ப ஆடத்தான் தூண்டும்.
ஸ்லாட் மெஷின் முழுக்க முழுக்க இந்த அறிவை வச்சுக் கட்டியது.

11/
டோபமைன் என்று சும்மா சொல்லல. ஆதாரம் நம்ம மருந்து அலமாரியிலேயே இருக்கு.
பார்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் மாத்திரைகள் டோபமைன் மாதிரியே வேலை செய்யும். வாழ்க்கையில் சீட்டுக்கட்டையே தொடாத சிலர், இந்த மாத்திரை ஆரம்பிச்ச பிறகு சூதாட்டத்தில் இறங்கியிருக்காங்க. மருந்தைக் குறைச்சதும் அந்த வெறி பெரும்பாலும் அடங்கியிருக்கு.
உங்க வீட்டில் பெரியவங்க இந்த மாத்திரை எடுத்தா, திடீர்னு காசு செலவு கூடுதா என்று கவனிங்க. கூடினா திட்டாதீங்க. டாக்டர்கிட்ட சொல்லுங்க.

12/
அதனாலதான் 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு, சூதாட்டக் கோளாறைக் குடி, போதை இருக்கும் அதே பிரிவில் சேர்த்தது. எந்தப் பொருளையும் உட்கொள்ளாமல் அந்தப் பட்டியலில் இடம்பிடிச்ச முதல் நோய் இதுதான்.
இதை ஒழுக்கக்கேடு என்று ஒதுக்க முடியாது. வைத்தியம் பார்க்க வேண்டிய நோய், வைத்தியமும் இருக்கு.

13/
"திறமையா ஆடினா ஜெயிக்கலாமே டாக்டர்?" என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு.
அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 குழி. 18 சிவப்பு, 18 கறுப்பு, 2 பச்சை. சிவப்பு மேல தலா 100 ரூபாய் வச்சு 38 தடவை ஆடறீங்க. மொத்தம் வச்சது 3,800. சராசரியா 18 தடவை ஜெயிப்பீங்க, திரும்பி வருவது 3,600. அந்த 200 ரூபாய்தான் முதலாளிக்கு. அதாவது 5.26 சதவீதம்.
கேசினோ ஏமாத்தவே வேண்டியதில்லை. நீங்க எழுந்து போகாம இருந்தா போதும், அந்த ரெண்டு பச்சைக் குழி மீதியைப் பார்த்துக்கும்.

14/
மறுநாள் ஹூவர் அணை பார்க்கப் போனோம். ஊரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். 221 மீட்டர் உயரம். மேலே நின்னு எட்டிப் பார்த்தா அடிவயிறு கூசுது.
கட்ட ஆரம்பிச்சது 1931. நெவாடாவில் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியதும் அதே 1931. அணைத் தொழிலாளர்கள் தங்க அரசாங்கமே போல்டர் சிட்டி என்று ஒரு ஊரைக் கட்டியது. அந்த ஊரில் சூதாட்டத்துக்குத் தடை. இன்றைக்கும் தடைதான்!
உழைச்சு முடிக்கணும்னா சூது பக்கத்தில் இருக்கக் கூடாது என்று அணை கட்டினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆட விரும்பினவன் ரோடு பிடிச்சு வேகாஸ் வரைக்கும் போகணும். அந்தத் தூரமே ஒரு பாதுகாப்பு.

15/
இப்போ நம்ம ஊருக்கு வாங்க.
தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியைத் தடை பண்ணினாங்க. தினக்கூலியைச் சீட்டில் தொலைச்ச குடும்பங்களுக்கு அந்தத் தடையோட அருமை தெரியும். அப்புறம் ஸ்மார்ட்போன் வந்தது. போல்டர் சிட்டிக்கும் வேகாஸுக்கும் நடுவில் இருந்த அந்த ரோடு காணாமப் போச்சு. கேசினோ படுக்கையறைக்குள்ளேயே வந்துடுச்சு. எழுந்து போக வழியில்லை, கையைப் பிடிச்சு இழுக்க மனைவி முழிச்சிருக்கறதும் இல்லை.
2022-இல் மாநிலச் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்ட்டில் பணம் வச்சு ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை பண்ணும் மத்தியச் சட்டமும் நிறைவேறியது. நல்லது. ஆனா சட்டம் கடையைத்தான் மூடும். ஏற்கெனவே அடிமையானவருக்கு அது வைத்தியம் ஆகாது.

16/
சந்தேகம் இருந்தா ரெண்டே கேள்வி, உங்களையே கேட்டுக்கோங்க:
ஒண்ணு, எவ்வளவு பணம் வச்சு ஆடறேன் என்பதை வேண்டியவங்ககிட்ட மறைச்சுப் பொய் சொன்னேனா?
ரெண்டு, போகப் போக இன்னும் அதிகமா வச்சு ஆடணும்னு தோணுதா?
ஒண்ணுக்கு ‘ஆமா’ என்றாலும் யாரிடமாவது பேசுங்க. டெலி மனஸ் எண் 14416. இலவசம். தமிழில் பேசலாம். அந்தத் தம்பி மனநல மருத்துவரிடம் போனார். அப்பாகிட்ட உண்மையைச் சொன்னார். கடன் இன்னும் முடியல, ஆனா தூங்குறார்.

17/
இப்போ அந்தப் பெட்டிக்கு வர்றேன்.
கடைசி நாள் ராத்திரி. சாப்பிட்டுட்டு ரூமுக்குத் திரும்பும்போது, கேசினோ தளத்தின் ஓரத்தில் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. மேல இதயப் படம், நடுவில் மின்னல் கோடு. ஏஇடி. இதயம் நின்னவருக்கு ஷாக் கொடுக்கும் தானியங்கிக் கருவி.
நான் அங்கேயே நின்னுட்டேன்.
"ஏங்க, இதுல என்ன பாக்குறீங்க?"
பதில் சொல்லத் தெரியல. அப்புறம் அவங்களே கேட்டாங்க: "அந்தக் கல்யாண ரிசப்ஷனா?"

18/
மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு தெரிஞ்சவர் வீட்டுக் கல்யாண ரிசப்ஷன். பந்திக்குக் காத்திருந்த கூட்டத்தில் ஒருத்தர் அப்படியே சரிஞ்சார். ஐம்பதைத் தாண்டிய வயசு. நாடி இல்லை. நெஞ்சை அழுத்த ஆரம்பிச்சேன். விருந்துக்கு வந்திருந்த ஒரு நர்ஸ் சகோதரியும் மாத்தி மாத்தி அழுத்தினாங்க.
முகூர்த்த நாள் டிராஃபிக். ஆம்புலன்ஸ் வந்து சேர 18 நிமிஷம். அவங்க மேல தப்பே இல்லை. அவங்க மானிட்டரை மாட்டினப்போ நேர்கோடு.
ஏசி மண்டபம். வாசலில் செயற்கை நீரூற்று. மேடையில் லட்ச ரூபாய் பூ அலங்காரம். ஒரு ஏஇடி இல்லை. அவரோட மகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கு.

19/
ஹார்ட் அட்டாக் வேற, கார்டியாக் அரெஸ்ட் வேற. முதலாவதில் ரத்தக்குழாய் அடைக்கும், பெரும்பாலும் ஆள் பேசிக்கிட்டு இருப்பார். இரண்டாவதில் இதயம் தாறுமாறாத் துடிச்சு ரத்தம் அனுப்பறதையே நிறுத்திடும், சில நொடியில் ஆள் சரிவார். சில சமயம் முதலாவதே இரண்டாவதில் கொண்டு விடும்.
அப்போ உயிரைக் காப்பாத்தறது ரெண்டு: நெஞ்சு அழுத்தம், ஷாக். ஒவ்வொரு நிமிஷத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். 18 நிமிஷத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

20/
2000-ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஆய்வு வந்தது. இடம்: கேசினோக்கள். ஏஇடி பயன்படுத்தப் பயிற்சி கொடுத்தது யாருக்கு? டாக்டருக்கு இல்லை, நர்ஸுக்கு இல்லை. செக்யூரிட்டிக்கு!
அதிர்ச்சி கொடுத்தால் திருத்தக்கூடிய துடிப்பில் இருந்தவங்க 105 பேர். அதில் 56 பேர் பிழைச்சு வீடு திரும்பினாங்க. 53 சதவீதம். கண் முன்னாடி சரிஞ்சு, மூணு நிமிஷத்துக்குள் ஷாக் கிடைச்சவங்களில் 74 சதவீதம். மூணு நிமிஷம் தாண்டினவங்களில் 49.
சரிஞ்சதிலிருந்து முதல் ஷாக் வரைக்கும் சராசரி 4.4 நிமிஷம். ஆம்புலன்ஸ்காரங்க வந்து சேர 9.8 நிமிஷம். அந்த இடைவெளியில்தான் உயிர் இருந்தது.

21/
"அங்கே கேமரா இருக்கு, காசு இருக்கு, ஆளை உயிரோட வச்சாத்தானே ஆடுவான்" என்று சொல்லலாம். இருக்கட்டும். கருணை என்று நானும் சொல்ல வரல.
நடாஷா டவ் ஷுல் என்ற மானுடவியலாளர் லாஸ் வேகாஸ் மெஷின்களைப் பத்தி 2012-இல் ஒரு புத்தகம் எழுதினார். பக்கத்தில் ஆள் சரிஞ்சு கிடக்கும்போதும் ஆட்டத்தை நிறுத்தாதவங்களைப் பத்தி அதில் வருது. அந்த ஊர் மனுஷனை அந்த நிலைக்கும் கொண்டு போகும். அதே ஊர் அவன் நெஞ்சில் நாலரை நிமிஷத்தில் ஷாக் வைக்கவும் ஏற்பாடு பண்ணி வச்சிருக்கு.

22/
என் கருத்து இதுதான்.
வேகாஸ் மனித உடம்பை ரெண்டு விதமா படிச்சு வச்சிருக்கு. மூளையைப் படிச்சது காசு பறிக்க. இதயத்தைப் படிச்சது உயிரைக் காப்பாத்த. நாம முதலாவதை மட்டும் அப்படியே போனில் இறக்குமதி பண்ணிட்டோம். இரண்டாவதை அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம்.
திருப்பிச் செஞ்சிருக்கணும்.

23/
இது நடக்காத காரியம் இல்லை.
மண்டபத்தில் கேமரா இருக்கு. செக்யூரிட்டி அண்ணன் இருக்கார். தீயணைப்புக் கருவி இருக்கு, அதைக் கட்டாயம் ஆக்கினதால இருக்கு. அதே மாதிரி குறிப்பிட்ட அளவுக்கு மேல கூட்டம் கூடும் மண்டபம், மால், ஜிம், பெரிய பஸ் நிலையம், பெரிய கோயில், ஸ்டேடியம் எல்லாவற்றிலும் ஏஇடி கட்டாயம் என்று ஆக்கணும். வச்சா மட்டும் போதாது, அங்கே வேலை செய்றவங்களுக்கு வருஷா வருஷம் பயிற்சி கொடுக்கணும். பேட்டரியைச் சரிபார்க்க ஒரு பொறுப்பாளர் வேணும்.
கருவி தானே பேசும். எங்கே ஒட்டணும், எப்போ விலகணும் என்று அதுவே சொல்லும். ஷாக் தேவையில்லாதவருக்குக் கொடுக்கவும் கொடுக்காது.

24/
அதுவரைக்கும் நம்ம கை இருக்கு.
ஒருத்தர் சரிஞ்சா: தட்டிக் கூப்பிடுங்க. அசைவு இல்லை, மூச்சு இல்லை அல்லது திணறலா இருக்கு என்றால் 108-க்கு ஒருத்தர் கூப்பிடட்டும். நீங்க நெஞ்சு நடுவில் ரெண்டு கையையும் வச்சு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்துங்க. ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீங்க. பயிற்சி இல்லாதவங்க வாயில் ஊத வேண்டாம், அழுத்தினா போதும்.
சோடா தெளிக்கிறது, கையில் சாவி கொடுக்கிறது, சுத்தி நின்னு வீடியோ எடுக்கிறது எல்லாம் வேண்டாம்.

25/
ஊருக்கு வந்த பிறகு எங்க தெருவில் இருக்கும் மண்டப ஓனரைப் போய்ப் பார்த்தேன். "யோசிக்கிறேன் டாக்டர்" என்றார். செக்யூரிட்டி, சமையல் ஆட்கள் பன்னிரண்டு பேருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு அழுத்தப் பயிற்சி கொடுக்க ஒத்துக்கிட்டார். ஏஇடிக்கு அடுத்த மாசம் மறுபடி போவேன். மனைவியும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. என்னைவிட அவங்க பேச்சுக்கு மரியாதை ஜாஸ்தி.
நீங்க அடுத்து ஒரு விசேஷத்துக்கு மண்டபம் புக் பண்ணும்போது ஏசி இருக்கா, பார்க்கிங் இருக்கா என்று கேட்பீங்க இல்லையா? கூடவே "ஏஇடி இருக்கா?" என்றும் கேளுங்க. பத்துப் பேர் கேட்டா பதினோராவது ஆளுக்கு வாங்கி வச்சிருப்பாங்க.

வேண்டியவங்களுக்குப் பகிருங்க.